வீட்டுக்குள் தமிழ் வேண்டாம்

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பகல் பதினோரு மணிக்கு, பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என்னிடம் என் மகள் வந்து, இனிமேல் தன்னிடம் தமிழில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஹிந்தியில் கேட்டாள். "அப்பா, முஜ்ஸே ஹிந்தி மே பாத் கரோ. ப்ளீஸ்." முகத்தில் விளையாட்டு இல்லை. ஸ்வெட்டர் கைகளை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தில்லி முனிர்கா முழுவதும் பனிக்குள் போயிருந்தது. எதிர் ப்ளாக் இருந்த இடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து யாரோ துணி உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் ராஜாராமன். மத்திய அமைச்சகம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் தள்ளி, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன். எங்கள் ஒரே பெண் ஜ்யோத்ஸ்னா பிறந்தது தில்லியில், வளர்ந்தது மோதி பாக் குவார்ட்டர்ஸில். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அம்மாவிடம் "பூக் லகீ ஹை" என்று சாப்பாடு கேட்பதைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். செருப்பையும் ஹிந்தியையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா என்பதுதான் என் வீட்டுச் சட்டம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சாயங்காலம் பேப்பரை உரக்கப் படிக்கச் சொன்னேன். ழகரம் ஒழுங்காக வரும்வரை டி.வி. கிடையாது என்று மிரட்டினேன். என் மனைவி லீலாவதி, "இது வீடா, பரீட்சை ஹாலா?" என்பாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அதனால்தான், மூன்று வருஷங்களுக்கு முன்பு குர்காவ் கம்பெனி ஒன்று தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் போட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தயங்கினாள். நான்தான் பிடிவாதமாக விண்ணப்பம் போட வைத்தேன். வேலை கிடைத்ததும் மலை மந்திர் முருகன் கோயிலில் வந்தவர் போனவரிடமெல்லாம், "எம்பொண்ணுக்குத் தமிழ்தான் சாதம் போடறது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேலை என்னவென்று எனக்குத் தோராயமாகத்தான் தெரியும். ஜனங்கள் ஃபோனில் போடுகிற வீடியோக்களைப் பார்த்து, இது இருக்கலாம், இது கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். ஏதோ சென்சார் போர்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதனால் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபரில் வேலையை விட்டாள். அதன்பிறகு பகலெல்லாம் தூக்கம், அல்லது தூக்கம் மாதிரி ஏதோ ஒன்று. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குளியலறைக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், குளிக்கிற சத்தம் கேட்காது. காதல் தோல்வியாக இருக்கும் என்று நினைத்தேன். பெண்ணைப் பெற்ற தகப்பன்களின் கற்பனை அதற்கு மேல் போவதில்லை. "ஏ.சி.ல உக்காந்து வீடியோ பாக்கறதுக்கு இவ்வளவு களைப்பா?" என்றுகூட ஒருநாள் கேட்டேன். அதைக் கேட்ட வாய் இதே வாய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இங்க பாரு, ஜ்யோத்ஸ்னா..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை. அவள் கதவோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. லீலாவதி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏன்னா, ஒண்ணும் பேசாதேங்கோ. சித்த நேரம் வாயை மூடிண்டு இருங்கோ."

மூச்சு அடங்கிய பிறகு ஜ்யோத்ஸ்னா பாதி ஹிந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னாள். நோய்டாவில் அவளுடைய பஞ்சாபித் தோழியின் ஃப்ளாட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஜனவரி முதல் வாரம் அங்கே போய்விடப் போகிறாள். எங்கள்மேல் கோபமில்லை. சனிக்கிழமைதோறும் அவள் போய்க்கொண்டிருக்கிற கவுன்சலரிடம் நாங்களும் ஒருமுறை வந்தால் நல்லது. பட்டாணிகள் தரையெங்கும் உருண்டு கிடந்தன. லீலாவதி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

கவுன்சலர் ஒரு வங்காளிப் பெண்மணி. க்ரீன் பார்க்கில், செருப்புக்கடைக்கு மேலே முதல் மாடியில் அவருடைய அறை. பி.டி.எஸ்.டி., அதிர்ச்சி மனதில் தங்கிப்போவதால் வரும் நோய் என்று அவர் சொன்னதும் எனக்குள்ளிருந்த செக்‌ஷன் ஆபீசர் விழித்துக்கொண்டான். அது பட்டாளத்துக்காரர்களுக்கு வருவதல்லவா, என் பெண் எந்த யுத்தத்துக்கும் போகவில்லையே, அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று ஆட்சேபணை எழுப்பினேன். அவர் ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு நாளைக்கு இருநூறு வீடியோ. எல்லாம் தமிழ். கட்டிவைத்து அடிக்கிறவர்கள், அரிவாளோடு வருகிறவர்கள், குழந்தைகளை என்னென்னவோ செய்கிறவர்கள். சத்தத்தோடு பார்க்க வேண்டும், என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். தமிழ் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது அதற்குத்தான். மற்றவர்களுக்குக் கூச்சலாகக் கேட்பது இவளுக்கு வாக்கியமாகக் கேட்கும். அழுகிறவர்களின் குரலைக்கூடத் தாங்கிக்கொண்டேன் அப்பா என்றாள். அடிக்கிறவர்களின் குரலைத்தான் தாங்க முடியவில்லை. அவர்கள் நம்மை மாதிரியே பேசுகிறார்கள். ஒருத்தன் இன்னொருத்தனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். டீ சொல்லச் சொல்கிறான். பிறகு ஃபோனைப் பிடித்திருப்பவன் கீழே கிடப்பவனைக் கூப்பிடுகிறான், முகம் தெரிய வேண்டுமாம். அவள் அவ்வளவு நேரம் பேசிய ஹிந்திக்கு நடுவே அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் தமிழில் வந்தன. "இங்க பாரு."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அவளைக் கூப்பிட, கண்டிக்க, கொஞ்ச, பேப்பரில் நல்ல சேதியைக் காட்ட, எல்லாவற்றுக்கும் நான் வாய் திறப்பதே அப்படித்தான். இரண்டு மாதமாக என் வீட்டுக் கூடத்திலேயே நின்றுகொண்டு அந்தப் பாவிகளின் குரலில் என் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. கவுன்சலர் நிதானமாகச் சொன்னார். முடிந்துவிட்டது என்று அவளுடைய அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை, அது காவலுக்கு நின்றுகொண்டே இருக்கிறது. நேரில் நடந்தாலென்ன, நாள் முழுக்கப் பார்த்தாலென்ன, காயம் காயம்தான். சரியாகும், ஆனால் தேதி சொல்ல முடியாது.

ஆட்டோவில் திரும்பி வந்தோம். பனியில் முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்துகொண்டு போயிற்று, பஸ்ஸைக் காணோம். அவளுடைய காதைத் தீட்டித் தீட்டிக் கூராக்கியவன் நான். ஊர் ஊராகப் பேச்சின் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். எல்லா அப்பாக்களையும் போல அரைகுறையாக விட்டிருந்தால் இந்த வேலை கிடைத்திருக்காது. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. பக்கத்தில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், தூங்கினாளா என்று தெரியாது.

திங்கட்கிழமை காலை முதல் என் வீட்டுச் சட்டத்தை நானே ரத்து செய்தேன். எனக்கு ஹிந்தி தெரியாதென்று யாரும் நினைக்க வேண்டாம். சர்க்கார் நடத்துகிற ஹிந்திப் பரீட்சைகள் அத்தனையும் பாஸ் செய்தவன். ஆனால் அது முழுக்க ஃபைல் ஹிந்தி. தோசைத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிருப்யா அல்பாஹார் கிரஹண் கரேன்" என்றேன். தயவுசெய்து சிற்றுண்டியை ஏற்றுக்கொள்ளவும் என்று அர்த்தம். ஜ்யோத்ஸ்னா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு கோணிற்று. "அப்பா, யே தோ நோட்டீஸ் ஹை" என்றாள். இது பேச்சில்லை, நோட்டீஸ் போர்டு என்கிறாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. லீலாவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

நோய்டாவை ஜனவரி கடைசிவரை தள்ளிப்போட்டாள். ஒரு மாதம் பார்க்கலாம், பிறகும் முடியாவிட்டால் போகிறேன் என்றாள். அந்த ஒரு மாதமும் எங்கள் வீடு விசித்திரமான நாடகக் கொட்டகையாக இருந்தது. லீலாவதிக்குத் தெரிந்த ஹிந்தி எல்லாம் காய்கறிக்காரனிடம் கற்றது. பெண்ணை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னாலும் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவது மாதிரி இருக்கும். நான் பேசினால் சுற்றறிக்கை. ஜ்யோத்ஸ்னா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். கூடத்தில் எங்களோடு உட்கார்ந்தாள். ஒருநாள் சோஃபாவிலேயே நிஜமாகத் தூங்கிப்போனாள். அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். லீலாவதி டீயை உறிஞ்சாமல் குடித்தாள்.

ஆனால் தமிழ் பேசாமல் எங்களால் இருக்க முடியவில்லை. அதற்காக நாங்கள் தினமும் காலையில் எட்டு மணிக்கு, காலனிக்கு எதிரே இருக்கிற பார்க்குக்குப் போக ஆரம்பித்தோம். அறுபத்து நான்கு வயதில், மஃப்ளர் சுற்றிக்கொண்டு, பெற்றோருக்குத் தெரியாமல் ஓடிவந்த ஜோடி மாதிரி. பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. யாராவது ஓடி வந்தால் முதலில் ஷூ சத்தம் வரும், அப்புறம் மூச்சு, கடைசியில்தான் ஆள். கோடிப் பெஞ்சில் உட்கார்ந்து ஆசை தீரப் பேசுவோம். வாழைக்காய் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போக வேண்டும், பாலசுப்ரமணியம் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள், முழங்கால் வலிக்கிறது. இவ்வளவுதான். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. பேச்சு வெண்மையாக வாயை விட்டு வந்து பனியோடு கலந்துபோகும். நான் பாதித் தூக்கத்தில் யாருடைய கனவிலோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. முந்தின நாள் நோய்டாத் தோழி ஃபோன் செய்திருந்தாள், அறை இனிமேலும் காத்திருக்காது என்று. ஜ்யோத்ஸ்னா பதில் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டாள்.

"போயிடுவாளோன்னா?" என்றாள் லீலாவதி பெஞ்சில்.

"போனா போகட்டும். நன்னா இருந்தா சரி" என்றேன். பொய். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் எந்தப் பாஷை பேசினால் என்ன என்று இருந்தது. அதையும் சொன்னேன். "எனக்கு பயமா இருக்குடி. என்னோட குரலையே அவளுக்குக் கேக்கப் பிடிக்கலை. இதுக்கு என்ன பண்றது?"

லீலாவதி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எங்களுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், சருகு மிதிபடும் சத்தம். ஓடுகிறவர்களின் சத்தமில்லை. வந்து, நின்றுவிட்ட சத்தம். லீலாவதி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "அவதான்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நான் சட்டென்று நிறுத்தினேன். ஹிந்திக்கு மாறலாமா, எழுந்து போய்விடலாமா. காலடி திரும்பிப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

"நிறுத்தாதேங்கோ" என்றாள் லீலாவதி, கேட்டும் கேளாத குரலில்.

"என்னத்தப் பேசறது?"

"எதையாவது. மெதுவா."

ஆயுசு முழுக்கத் தமிழ் தமிழ் என்று தொண்டை கிழியக் கத்தியவனுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. எது எங்கே போய்த் தைக்கும் என்று தெரியாது. அரிசியில் கல் பார்ப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கடைசியில் நேரே பார்த்துக்கொண்டு, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"பெஞ்சு ஈரமா இருக்கு."

பின்னால் சத்தமில்லை.

"வேப்ப மரம் பாதிதான் தெரியறது." மூச்சு விட்டுக்கொண்டேன். "அதுக்கடியில ஒரு நாய் படுத்துண்டிருக்கு. கறுப்பு நாய். சாக்குல கோட்டு தெச்சுப் போட்டிருக்கா யாரோ. நல்லவா யாரோ."

சருகு ஒன்று நொறுங்கிற்று. ஓரடி. மறுபடி நின்றது. கிட்டே வந்தாளா, விலகினாளா, எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. லீலாவதி என் கையை விடவில்லை. அப்போது எதிரே வெள்ளைக்குள்ளிருந்து மயில் ஒன்று நடந்து வந்தது. உதிர்ந்த தோகை இன்னும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. நின்று, தலையைச் சாய்த்து எங்களை விசாரித்துவிட்டு, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டது.

"மயில் வரது" என்றேன். "ஆண் மயில். தோகை பாதிதான் வளந்திருக்கு. நனைஞ்சிருக்கு. அவசரப்படாம நடக்கறது." ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளிடமே தமிழில் சொன்னேன். "உம் பக்கமாத்தாம்மா வரது."

மயில் என் கால் அருகே உரசினாற்போலக் கடந்து, முதலில் தலையும், பிறகு நீலக் கழுத்தும், கடைசியில் ஈரத் தோகையுமாக, அவள் நிற்கிற பனிக்குள் நடந்து போயிற்று.