பதினோராவது வரி

ஜஸீலா அன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, அவ நானா, கூடப் பொறந்த அண்ணன் ஆமிர், இப்ப ஜெர்மனியில ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்திருப்பான். வீட்ல யாரும் இத அவ மொகத்துக்கு நேரா சொன்னதில்ல. சொல்லித் தொலைச்சிருந்தாக்கூடத் தேவல.

ஜனவரியில ஆமிருக்குப் பதினேழு முடிஞ்சு ஏழு மாசம். ஜூன்ல பதினெட்டு. பபேடான் பேட்டையில அந்த வயசுப் பையன் இருக்குற வீட்ல எல்லாம் அந்தத் தேதிய நெனச்சே சோறு எறங்காது. பதினெட்டு ஆச்சுன்னா பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற குலுக்கல்ல பேரு விழுந்துடும். அப்புறம் வேலைக்குன்னு வெளிநாடும் போக முடியாது. அதுக்குள்ள கெளம்பிடணும்.

வழி ஒண்ணுதான் இருந்துச்சு. வால்டன்ரோடன்னு ஒரு சின்ன ஜெர்மன் ஊரு. அங்க பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ள ஒரு ரொட்டிக்கடை, அதுல தொழில் கத்துக்க ஒரு பையன் வேணும். கம்ப்யூட்டர்லயே நேர்காணல். ஜெர்மன் சொல்லிக்குடுத்த சயாமா, அவங்கதான் டீச்சரம்மா, ஸ்டேஷனோட கதைய இருபது வரியா எழுதிக் குடுத்துட்டாங்க. "எங்க ஊரப் பத்தி என்ன தெரியும்னு கேப்பாங்க. இத மடமடன்னு சொல்லிடு, மனசு குளுந்துடும்."

ஆமிருக்கு மனப்பாடம் பண்றதுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், மதரசாவுல குர்ஆனப் படிச்ச வழி. கண்ண மூடிக்கிட்டு, ஒடம்ப முன்னையும் பின்னையும் ஆட்டிக்கிட்டு, ராகமா. எதிர்ல ஒரு ஆள் தாளப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். எங்க தட்டுதோ அங்க ஒடனே சத்தமா எடுத்துக் குடுக்கணும். பள்ளிவாசல்ல இமாமுக்கு ஓதுறப்ப வார்த்தை தட்டுச்சுன்னா பின்னால நிக்கிற ஆளு எடுத்துக் குடுப்பாரே, அதே மாதிரி. அதுக்கு 'லுக்மா'ன்னு பேரு. குடுக்காம சும்மா நிக்கிறதுதான் தப்பு. ஏழு வயசுலேர்ந்து ஆமிருக்கு எடுத்துக் குடுக்குற ஆளு ஜஸீலாதான்.

ஜெர்மன்ல ஒரு வார்த்தைக்குக்கூட அவளுக்கு அர்த்தம் தெரியாது. சத்தம் மட்டும் அத்துப்படி. நடுவுல அவன் வெளயாட்டாச் சொல்லுவான். "இது முதல் வண்டி வந்த அன்னைக்கு. ஊர்த்தலைவரோட தொப்பி பறந்துபோய் சக்கரத்துக்கு அடியில விழுந்துடுச்சாம். அத எடுக்குற வரைக்கும் வண்டி நின்னுச்சாம்."

"ஒரு தொப்பிக்கா?"

"அங்க தொப்பிக்கும் மரியாத இருக்கு. இங்க தலைக்கே இல்ல."

குண்டு விழுந்து கூரை போனாலும் கடிகாரம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது ஒரு வரி. டிக்கெட் ஜன்னல இழுத்து மூடுனது ஒரு வரி. எல்லாம் தண்ணி மாதிரி வரும். பதினோராவது வரியில மட்டும் தட்டும். தெனமும் தட்டும். அவ எடுத்துக் குடுப்பா, அவன் புடிச்சுக்கிட்டுப் போயிடுவான்.

"இது ஒண்ணு மட்டும் ஏன் நானா நிக்க மாட்டேங்குது? என்ன அர்த்தம்?"

"ஏதோ சாப்பாட்டப் பத்தி" அப்படின்னான்.

நேர்காணல் அன்னைக்கு மத்தியானம் கரண்டு போயிடுச்சு. வாப்பா அவரோட குடைக்கடையிலேர்ந்து பேட்டரியத் தூக்கிட்டு வந்து இன்டர்நெட் பெட்டிக்கு மாட்டுனாரு. கிளிப்பு லூசு, தொட்டாக் கழண்டுக்கும். அதனால ஜஸீலா ரூமுக்குக் குறுக்கே தொங்குன துணித்திரைக்குப் பின்னால குந்திக்கிட்டுக் கிளிப்ப ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சிருந்தா. உம்மா மாடிப்படியில உக்காந்து தஸ்பீஹ் மணி உருட்டுனாங்க.

கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரு. கடைக்கார அம்மா, குண்டா, சிரிச்ச மொகம். பக்கத்துல கண்ணாடி போட்ட ஒரு அம்மா, காகிதம் எல்லாம் பாக்குறவங்க. ஆமிர் ஸ்டேஷன் கதைய ஆரம்பிச்சான். ஒண்ணு, ரெண்டு, தொப்பி, கடிகாரம் மாட்டுனது. பத்து.

நின்னுச்சு.

ஜஸீலா யோசிக்கவே இல்ல. ஓதுறவன் நின்னா நாக்கு தானா போயிடும். பதினோராவது வரிய திரைக்குப் பின்னாலேர்ந்து கணீர்னு எடுத்துக் குடுத்தா. ஆமிரும் திரும்பிக்கூடப் பாக்காம வாங்கிக்கிட்டு இருபது வரைக்கும் ஒரே மூச்சுல முடிச்சான். முடிச்சதும் ரெண்டு பேருக்கும் பெருமை தாங்கல. நல்லா வந்துடுச்சுன்னே நெனச்சாங்க.

கண்ணாடி அம்மா ஏதோ கேட்டாங்க. ஆமிர் சந்தோஷமா பதில் சொன்னான். அப்புறமாத்தான் அவன் ஜஸீலாகிட்ட சொன்னான், அவங்க கேட்டது 'ரூமுக்குள்ள வேற யாரு இருக்கா'ன்னு. அவன் சொன்னது, 'என் தங்கச்சி, எப்பவும் அவதான் எடுத்துக் குடுப்பா'ன்னு.

அடுத்து கடைக்கார அம்மா மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க. காலையில நாலு மணிக்கு மாவு போடணும், வண்டி வரல, நீ என்ன செய்வே? இது இருபது வரியில இல்ல. பதில் அவனுக்குத் தெரியும்தான், வாயில வார்த்தை வரல. ஆமிர் திரைப் பக்கம் திரும்பிப் பாத்தான்.

திரையோட கிழிசல் வழியா அந்தப் பார்வை நேரா ஜஸீலா மேல விழுந்துச்சு. அவகிட்ட ஒண்ணும் இல்ல. கிளிப்ப மட்டும் விடாம அழுத்திக்கிட்டே இருந்தா. கண்ணாடி அம்மா குனிஞ்சு ஏதோ எழுதுறது தெரிஞ்சுச்சு.

நாலாம் நாள் கடிதம் வந்துச்சு. வேற ஆளோட உதவியில பேசுறவங்கள எடுக்க முடியாதாம். சயாமா தலையில கைய வச்சுக்கிட்டாங்க. "ஒரு நிமிஷம் சும்மா நின்னிருந்தாக்கூட விட்டிருப்பாங்களே ஆமிர். மறந்துபோச்சுன்னு சொன்னாக்கூடப் போதுமே." மறந்துபோச்சுன்னு சொல்லிட்டு மேல போகலாம்னு அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்குமே தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கல.

அன்னைக்குக் கடை ஷட்டர் எறக்குனப்ப ஜஸீலா கேட்டா. "அந்த வரியில என்னதான் இருக்கு? இப்பவாவது சொல்லு."

அவன் கையிலிருந்த குடைய மடிச்சு வச்சான். அப்புறம் சொன்னான். "போர் நடந்தப்ப அந்த ஊருல இருந்த யூதருங்க நாப்பத்தொரு பேர ரெண்டாம் பிளாட்பாரத்துல வரிசையா நிக்க வச்சு வண்டி ஏத்துனாங்க. ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. யாரும் திரும்பல. அதான் வரி."

"சயாமா ஏன் அத எழுதுனாங்க?"

"நடந்ததுதானே."

ஒரு மாசமா அவ அத ராகம் போட்டுச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.

ஜூலையில குலுக்கல்ல பேரு விழுந்துச்சு. வாப்பா அவன ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலாவுல மெஹ்ரீன் மாமி வீட்டுக்கு அனுப்பிட்டாரு. பன்னெண்டு நாள் இருந்தான். வெளியாளு ராத்திரி தங்குனா வார்டு ஆபீஸ்ல எழுதி வைக்கணும், மாமி எழுதல. யாரோ சொல்லிட்டாங்க. மாமி வீட்டுக்காரரப் புடிச்சு ஆபீஸ்லயே உக்கார வச்சுட்டாங்க. வாப்பாவுக்கும் ஆள் வந்துச்சு, பையன் வரலைன்னா நீ வான்னு. ஆமிர் அன்னைக்கே படகேறி தானா வந்துட்டான். யாரும் அவனக் கூப்பிடல. வந்து சட்டைய மாத்திக்கிட்டு, "மாமி புளிச்சோறு நல்லா செய்றாங்க உம்மா"ன்னான்.

அடுத்த நாள் வார்டு ஆபீஸ் எழுத்தர் வாசல்ல நின்னு சொன்னாரு. நல்ல மனுஷன்தான், பள்ளிக்கூடம் போற நாள்லேர்ந்து ஆமிரத் தெரியும். "காலையில ஏழு மணிக்கு லாரி. ரெண்டு செட்டு துணி போதும். முகாம் தூரம், வழியில ஒண்ணும் கெடைக்காது. ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கட்டிக் குடுங்க."

உம்மா பரோட்டாவுக்கு மாவு பெசைய உக்காந்துட்டாங்க. ஜஸீலாவும் ஆமிரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல. உம்மாவுக்கு அந்த வரி தெரியாது. தெரியாமலேயே இருக்கட்டும்னு ஜஸீலா வாழை எலைய வாட்டிக் குடுத்தா. கட்டு போடுறப்ப இன்னொரு பரோட்டா சேத்து வைக்கலாமான்னு உம்மா கேட்டாங்க. "வை உம்மா" அப்படின்னா ஜஸீலா.

காலையில தெருமுனையில ஒம்பது பையனுங்க நின்னாங்க. பேரு கூப்பிடக் கூப்பிட ஏறுனாங்க. ஆமிர் பேரக் கூப்பிட்டப்ப அவன் நின்னுட்டான். ஒரு நொடி. பொட்டலத்த மாருல அணைச்சுக்கிட்டு, கூட்டத்துல ஜஸீலாவத் தேடிப் பாத்தான், அன்னைக்குத் திரைப் பக்கம் பாத்தானே, அதே பார்வை.

அவ வாய் நெறைய அந்த ஜெர்மன் வரிதான் இருந்துச்சு. வேற ஒண்ணுமே வரல. உதட்டக் கடிச்சுக்கிட்டா. எழுத்தர் ரெண்டாம் தடவ பேரக் கூப்பிட்டாரு.

ஆமிர் ஏறிட்டான்.