மேசைக்கு அந்தப் பக்கம்

“எல்லாரும் உங்ககிட்ட எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க யார்கிட்ட கேப்பீங்க?”

“மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்தவங்க கேக்கறதில்ல சார். கேக்கறவங்க அந்தப் பக்கம் நிப்பாங்க.”

“அப்ப ஒரு நாள் நீங்க இந்தப் பக்கம் வாங்க. நான் அங்க உக்காந்துக்கறேன்.”

“இங்க எது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீங்க கேட்டா எப்படியாவது தேடி எடுத்துட்டு வருவேன்.”

கல்யாணத்துக்கு முன்னால் நடந்த பேச்சு இது. மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவர் உப்பு மண்ணில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பழைய வரைபடம் ஒன்று வேண்டும் என்று வந்தவர், அது கிடைத்த பிறகும் வந்துகொண்டே இருந்தார். வரைபட அலமாரியில் ஓர் இழுப்பறை எப்போதும் சிக்கிக்கொள்ளும். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்தால்தான் வரும். அப்படி இழுத்துத்தான் ஆரம்பித்தது எல்லாம்.

அந்தப் பேச்சு இன்றைக்கு நினைவுக்கு வரக் காரணம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் இதே மேசைக்கு வரப்போகிறார், நோ டியூ சான்றில் கையெழுத்து வாங்க. நிறுவனத்தை விட்டுப் போகிறவர் யாராக இருந்தாலும், புத்தகமோ இதழோ வரைபடமோ பாக்கி இல்லை என்று நூலகர் எழுதிக் கொடுக்க வேண்டும். நூலகர் அவள்தான். சாயங்காலம் அவருக்கு விமானம்.

வருஷம் பூராவும் மண் உறைந்து கிடக்கிற ஒரு தேசத்தில் ஆராய்ச்சி நிலையம். மூன்று வருஷ ஒப்பந்தம். குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. முடிந்ததும் நீட்டிக்க விருப்பமா என்று கேட்டதற்கு, விருப்பம்தான் என்று அவர் இப்போதே சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்தான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்தை எப்படியாவது தள்ளிவிடலாம். திரும்பி வர ஆசையில்லாதவருக்காக எப்படிக் காத்திருப்பது?

அவளுக்கு முன்கூட்டியே தெரியாது என்று சொல்ல முடியாது. அதுதான் கொடுமை.

நூலகத்தில் அவள் செய்கிற வேலையே கேட்டதைத் தேடித் தருவதுதான். ஒருவர் தன் துறை இன்னது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதில் புதிதாக எது வந்தாலும் அவர் மேசைக்குப் போய்விடும். இங்கே இல்லாததை வேறு ஊர் நூலகங்களில் கெஞ்சிக் கூத்தாடி வரவழைப்பாள். மூடிய அறையில் இருக்கும் ஆய்வேடுகளைத் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பாள். ஒன்றை மட்டும் செய்ய மாட்டாள். எதற்கு என்று கேட்க மாட்டாள். யார் என்ன படிக்கிறார்கள் என்பது டாக்டரிடம் சொன்ன நோய் மாதிரி, மேசையைத் தாண்டக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் யார் வேறு வேலை தேடுகிறார், யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் அவள் நெஞ்சோடு போய்விடும்.

போன மழைக்காலத்தில் அவர் வந்து நின்றார்.

“உறைமண் பத்தி இருக்கறதெல்லாம் வேணும் மேடம்.”

வீட்டில் ‘நீ’, நூலகத்தில் ‘மேடம்’. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் விடாமல் நடத்திவந்த விளையாட்டு அது.

“எடுத்து வைக்கறேன் சார்,” என்றாள் அவளும்.

அவர் தன் அறையிலிருந்தே கணினியில் கேட்டிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். வாசிப்பு அறையில் ஈ காக்கா இல்லை. பாதி அலமாரிகள் நிலவறைக்குப் போய்விட்டன. மிச்சத்துக்கும் கோடையில் நாள் குறித்தாகிவிட்டது. அவர் ஒருவர்தான் வாராவாரம் நேரில் வந்தார். கட்டுரைகளை வாங்கிய பிறகும் உடனே நகராமல், பேனா ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

“வேற ஏதாவது வேணுமா சார்?”

“நீங்கதான் சொல்லணும் மேடம்.”

அவள் சிரித்தாள். அதையும் விளையாட்டென்றே எடுத்துக்கொண்டாள்.

பிரதி எடுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஜெராக்ஸ் அக்காவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. “ஏம்மா, உங்க வீட்டுக்காரர் உப்ப விட்டுட்டு ஐஸ்ல எறங்கிட்டாரு? புது ஃபிரிட்ஜ் வாங்கறதுக்கா இவ்ளோ படிப்பு? கேக்க மாட்டியா நீ?”

“நம்ம வேலை அது இல்லக்கா.”

“நீ அவரு பொண்டாட்டிடி!”

“இங்க இல்ல.”

அடுத்த வாரம், குளிர்ப் பிரதேச நிலையங்களில் வருஷக்கணக்கில் தங்குகிறவர்களின் உடல்நலம் பற்றி ஒரு புத்தகம் கேட்டார். எடுத்துக் கொடுக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது நூலகருக்கு. மனைவியிடம் அவர் எதுவும் சொல்லவில்லையே! மேசையில் தெரிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோவது முறையில்லை என்று வாயை மூடிக்கொண்டாள். இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று சாப்பாட்டு வேளைகளில் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். அவரும் அவள் முகத்தைப் பார்த்தார். நடுவில் தொலைக்காட்சி மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

கடைசியில் பயணச்சீட்டு வந்த அன்றுதான் வெடித்தது.

“எப்பத்தான் சொல்றதா இருந்தீங்க?”

“சொல்லலையா? ஆறு மாசமா ஒண்ணொண்ணா உன்கிட்டதானே கேட்டு வாங்கினேன். வாய்விட்டுச் சொல்ல வரல. நீ ஒரு தடவை ‘எதுக்கு’ன்னு கேட்டிருந்தா...”

“அது நூலகத்துல கேட்டது.”

“நூலகம்னா நீதானே?”

“வாசகர் எதுக்குக் கேக்கறார்னு நாங்க கேக்கக் கூடாது.”

கோபம்கூட வரவில்லை அவருக்கு.

“அப்ப நான் வாசகன். அவ்வளவுதான்,” என்றார்.

அன்று இரவு அவர் தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசியது பால்கனியிலிருந்து அவள் காதில் விழுந்தது. “இங்க உப்பு மண் வேலையையும் மூடிட்டாங்கக்கா. சரி, வீட்டுக்காகவாவது இருக்கலாம்னா, நான் இருந்தே ஆகணும்னு யாரும் சொல்லல.”

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. போகவில்லை. கேட்டுப் பழகாத வாய். அதற்குப் பதிலாகக் கம்பளி உடைகளைத் தேடித் தேடி வாங்கினாள். பெட்டியை அத்தனை நேர்த்தியாக அடுக்கினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, “அனுப்பி வைக்கறதுல உன்னை அடிச்சிக்க ஆளில்ல,” என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இதோ, வந்துவிட்டார். கையில் சான்று. கணக்குப் பிரிவு, ஆய்வகம், விடுதி எல்லாவற்றிலும் முத்திரை வாங்கியாயிற்று. நூலகத்துக்கான இடம் மட்டும் காலி. வெளியே வாடகைக் கார் நின்றது, பெட்டிகள் அதில்.

ஜெராக்ஸ் அக்கா ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள். “டோனர் தீந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

“பாக்கி ஏதாவது இருக்கா மேடம்?”

“பாக்கறேன் சார்.”

கணினியில் அவர் பெயரைத் தட்டினாள். ஒரே ஒரு புத்தகமாவது பாக்கி இருக்கக் கூடாதா? கிழிந்துபோன ஓர் இதழாவது? இருந்தால் இன்றைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிடலாம். விதி காப்பாற்றும். ஆனால் அவர் எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்திருந்தார். உறைமண் கட்டுரைகள், குளிர்ப் பிரதேசப் புத்தகம், ஒன்று விடாமல். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கெடு தாண்டியதில்லை.

‘பாக்கி ஏதும் இல்லை’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினாள். சரியாக விழுந்தது. எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் சான்றை எடுத்து மடித்தார். பேனா ஸ்டாண்டைத் திருப்பி வைத்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

அவள் எழுந்தாள். மேசையின் ஓரத்திலிருந்த குட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு, சுற்றி வந்து, வாசகர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். இங்கிருந்து பார்த்தால் தன் நாற்காலி இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு தூரத்தில் தெரியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

காலடிச் சத்தம் கேட்டு அவர் நின்றார். “என்ன, இந்தப் பக்கம்?”

“கேக்கறவங்க இந்தப் பக்கம்தானே நிக்கணும்?”

அவர் முகம் மாறியது. பழைய பேச்சு நினைவிருந்தது போல. கையிலிருந்த சான்றைப் பார்த்தார். வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, அவருடைய இடம் இங்கே காலியாகிவிட்டது, கையெழுத்தையும் அவளே போட்டுவிட்டாள். இனிமேல் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. குரல் உடைந்து எங்கேயோ போனது. அதைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தாள்.

“போகாதீங்க,” என்றாள். “எனக்கு நீங்க வேணும். போகாதீங்க.”