எல்லைக்கல் தாண்டிய உடல்

கோபாலபுரத்தை அடுத்த மேட்டுக்காட்டில் ஓர் எல்லைக்கல் நின்றது. அதற்குக் கிழக்கே வெள்ளைக்காரர் ஆளும் இங்கிலீஷ் சீமை. மேற்கே கொச்சி ராஜாவின் சீமை. எறும்புச் சாரை தினமும் அதன்மேல் ஏறி இறங்கும். இது யார் சீமை என்று எறும்பு கேட்டதில்லை. மனிதர்தாம் கேட்டார்கள். கொலையுண்டவன் கிடந்த ஊரை எந்தப் போலீசும் இலேசில் விடாது. ஆண்கள் அத்தனை பேரும் நாட்கணக்கில் விசாரணைக்குக் குந்தியிருக்க வேண்டும், அடியும் வாங்க வேண்டும். ஆகையால் கல்லருகே பிணம் கண்டால் அடுத்த சீமைக்கு இழுத்துப் போட்டுவிடுவது இருபக்கத்து ஊர்களிலும் பழகிப்போன வழக்கம்.

1912ஆம் வருஷம் கார்த்திகை மாதம், கடலைக்காய் பறிப்புத் தொடங்கியிருந்தது. கிழக்குச் சீமை ஊர்க்காவல்காரர் குப்பண்ணன் விடியற்காலையில் காட்டைச் சுற்றி வந்தபோது, மாட்டு வியாபாரி மொக்கையன் கல்லுக்குக் கிழக்கே குப்புறக் கிடந்தான். விலாவில் கத்திக்குத்து. குப்பண்ணன் தம் அக்காள் மகன் பழனிச்சாமியைக் கூட்டிவந்தார்.

“காலைப் புடி மாப்ள. போலீசு வந்துட்டா, கடலை அத்தனையும் மண்ணுலயே மொளச்சிரும்.”

“புடிச்சாச்சுங்க மாமா. அந்தச் சீமைப் போலீசு தொந்தி வளத்துக்கிட்டுத்தான இருக்குது? கொஞ்சம் வேர்க்கட்டும்.”

கல்லைத் தாண்டி மேற்கே முப்பதடி இழுத்து, கள்ளிறக்கும் ராக்கப்பனின் பனையடியில் போட்டார்கள். இழுத்த தடத்தை வேப்பந்தழையால் கூட்டினார்கள்.

மறுநாளே ராக்கப்பனுக்கு விலங்கு விழுந்தது. அவன் மரம், அவன் இடுப்பில் பாளை சீவும் கத்தி, மொக்கையனோடு ஒரு காளையின் பேரில் பழைய சண்டை வேறு. போலீசு பத்து நாள் அலைந்துவிட்டு ஓய்ந்துவிடும் என்றே குப்பண்ணன் நினைத்திருந்தார். இதை அவர் நினைக்கவில்லை.

ராக்கப்பனின் மனைவி கருப்பாத்தாள் அவர் வீடு தேடி வந்தாள்.

“காவக்காரண்ணா, அவரத் தூக்குல போட்டுருவாங்களாமுங்க. நீங்க காட்டுலயே சுத்தறவங்க. ஏதாச்சும் பாத்திருந்தாச் சொல்லுங்க.”

“நா என்னத்தக் கண்டேன் அம்மிணி?” என்றார்.

எட்டாம் நாள் மேற்கே கொச்சிப் போலீசு ஸ்டேஷனுக்கு நடந்தார். பழனிச்சாமி கையைப் பிடித்து இழுத்தான். “வேலையும் போயிரும், உள்ளயும் போட்டுருவாங்க மாமா.”

“போடட்டும். நம்ம கடலைக்கு இன்னொருத்தன் கழுத்தா?”

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பனையடி மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்கு ரத்தம் ஊறியிருக்கிறது. செத்த உடம்பிலிருந்து அப்படி ரத்தம் போகாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவன் உயிர் அங்கேதான் போயிற்று. பொய்ச்சாட்சி சொல்ல எவன் அனுப்பினான் உன்னை?”

பிணத்தை இழுத்ததாகத்தான் குப்பண்ணன் அன்றுவரை நம்பியிருந்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது பட்ட வெதுவெதுப்பு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மண்ணெல்லாம் பனியில் சில்லிட்டுக் கிடந்த விடியல் அது.

பேசாமல் திரும்பியிருக்கலாம். வாசற்கதவு திறந்தே கிடந்தது.

“எசமான், அவன் செத்திருக்கலீங்க. நா இழுக்கறப்ப உசுரு இருந்துதுங்க. குத்துப்பட்டது எங்க பக்கத்துலதான். அங்கயும் தோண்டிப் பாருங்க.”

தோண்டினார்கள்; அங்கும் ரத்தம் ஊறியிருந்தது. ராக்கப்பன் வெளியே வந்தான். குப்பண்ணன் உள்ளே போனார். குத்தியவன் அந்த எட்டு நாளில் எங்கே போனானோ, கடைசிவரை தெரியவில்லை.

மொக்கையனின் மனைவி கமலாத்தாள் ஒரு நாள் கம்பிக்கு வெளியே வந்து நின்றாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று குப்பண்ணன் தலை குனிந்துகொண்டார்.

“ஏனுங்கண்ணா, அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் இருவருக்குமே ஆறுதலாக இருந்திருக்கும்.

“மொனகுனாரு அம்மிணி. மண்ணுல இழுபடற சத்தம்னு நெனச்சுக்கிட்டேன். நா நிக்கல.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்பேரச் சொல்லித்தான் கூப்புட்டிருப்பாரு” என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.