பின்வாசல் மண்பாதை

காலை எட்டேகாலுக்கு ரூபேந்திரன் மாத்திரையை விழுங்கினான். கார் செனாயை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி தேன்மொழி ஓட்டினாள். அவன் தண்ணீர்ப் புட்டியை மூடியதும் அவள் காரின் கடிகாரத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கணக்கை முந்தின நாளே போட்டு வைத்திருந்தார்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்க முக்கால் மணி நேரம் ஆகும். அதன் பிறகு கொஞ்ச நேரம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம், அவன் மற்றவர்களைப் போல நடப்பான். வீட்டுக்கார அம்மாவை ஒன்பது மணிக்குச் சந்திப்பதாகப் பேச்சு. வீட்டைப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, சரி என்று சொல்லிவிட்டு, கால் மறுபடி கனக்கும் முன்பே காருக்குத் திரும்பிவிடலாம். காரின் பின்னால் கம்பியில் மவுண்டன் பைக் கட்டியிருந்தது. பள்ளங்களில் அது மெல்ல ஆடியது.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. பாசிர் கூடாங்கில் இரசாயனக் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலை பார்த்தவன். ஒருநாள் தொட்டியின் இரும்புப் படியில் பாதியில் நின்றுவிட்டான். மேலே ஏற முடியவில்லை. கீழே இறங்கவும் முடியவில்லை. பின்னால் வந்தவன், அலமாக், போ லா என்று எரிச்சல்பட்டான். கால் தரையோடு பற்றவைத்தது போல இருந்தது. அதற்குப் பெயர் பார்க்கின்சன் என்று தெரிய எட்டு மாதம் ஆனது. அது கிழவர்களுக்கு வருவது என்றுதான் அவன் நினைத்திருந்தான். கம்பெனி மரியாதையாகவே அவனை அனுப்பிவைத்தது.

நடை அவனைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. சைக்கிள் கைவிடவில்லை. ஏன் என்று மருத்துவரால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. சிலருக்கு அப்படி இருக்கும் என்றார். கதவுநிலை, லிஃப்ட் வாசல், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி என்று குறுகலான எந்த இடத்திலும் அவன் நின்றுவிடுவான். சைக்கிளில் ஏறிப் பெடல் ஒருமுறை சுற்றிவிட்டால் போதும். வேர், கல், சரிவு, எதுவும் பொருட்டில்லை. உடம்பு சொன்னதைக் கேட்கும். ஓட்ட முடிகிறவரை ஓட்டுங்கள் என்றார் மருத்துவர். எத்தனை காலம் முடியும் என்று தேன்மொழி கேட்டாள். அவர் கணினித் திரையைப் பார்த்தார்.

அவர்கள் இருந்தது மாசாயில் அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடி. லிஃப்ட் அடிக்கடி ஓடாது. கீழே இறங்கினால் கொள்கலன் லாரிகள் போகும் சாலை. மண்ணைத் தொடுவதற்கு அந்தச் சாலையில் நெடுந்தூரம் போக வேண்டும். பொங்கல் கழிந்த வாரம் ஒரு லாரியின் காற்று அவனைச் சாலையோரக் கால்வாயில் தள்ளியது. அன்றிலிருந்து சைக்கிள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. அது நின்ற நாளிலிருந்து அவன் வேகமாகச் சரிந்தான். சட்டைப் பொத்தானைத் தேன்மொழி போட்டுவிட வேண்டியதாயிற்று. இரவில் தானாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை.

அதனால் வீடு தேடினார்கள். அவன் கேட்டது ஒன்றுதான். வாசலைத் தாண்டினால் தார் இருக்கக் கூடாது, மண் இருக்க வேண்டும். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு வீட்டின் பின்னால் அருமையான செம்மண் மேடு இருந்தது. மழை விட்டதும் வடிந்துவிடும் மண். ஆனால் தேன்மொழியின் தொழிற்சாலை செனாயில். விடியற்காலை ஷிப்டுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாது. கோத்தா திங்கியில் வீட்டுக்காரர் அவன் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, தேன்மொழியைத் தனியே அழைத்து, தண்ணி போடுகிற ஆளுக்கு வீடு தருவதில்லை, தப்பாக நினைக்காதே அம்மா என்றார். காரில் ஏறிய பிறகு அவள் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். இன்னோர் இடத்தில் உண்மையைச் சொன்னார்கள். அந்த ஆள் இரக்கத்தோடு தலையாட்டினார். பிறகு போனை எடுக்கவே இல்லை. மாத்திரைக் கணக்கு அதன் பிறகு வந்ததுதான்.

"இதுதான் கடைசி," என்று நேற்று சொல்லியிருந்தாள். "இதுவும் அமையலன்னா அக்கா வீட்டுக்கே போயிரலாம். பதினோராவது மாடிதான், ஆனா வீட்ல எப்பவும் ஆள் இருக்கும். சைக்கிள யாருக்காச்சும் குடுத்துரலாம்."

அக்கா வீட்டு ஜன்னலில் நின்றால் சிங்கப்பூர் தெரியும். மண் தெரியாது.

கூலாய் பட்டணத்தைத் தாண்டி, பழைய தாமான் குடியிருப்பு ஒன்றின் கடைசி வரிசையில் கடைசி வீடு. ஒரே தளம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய இரும்புக் கேட், கால்வாயின் மேல் ஒரு காங்கிரீட் பலகை, அதற்கு அப்பால் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம். கைப்பேசி வரைபடத்தில் இந்த இடத்தை அவன் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். நேரில் பாதை இன்னும் அகலமாக இருந்தது. டிராக்டர் சக்கரம் பட்டு இறுகிய மண். நடுவில் புல். அவன் காரிலிருந்து இறங்கினான். கால் சுலபமாக வந்தது. மாத்திரை ஏறியிருந்தது.

வீட்டுக்காரர் பெயர் கிருஷ்ணகுமாரி. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது கூலாய்தான், ஆனாலும் பேச்சில் தாய்தகப்பனின் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. இரண்டு தெரு தள்ளி மகனோடு இருக்கிறார். கேட்டருகில் குடையோடு நின்றிருந்தார். சாவி கையில் இருந்தது. வாங்கோ, வாங்கோ என்றார். கதவைத் திறக்கவில்லை.

"பத்தரைக்குத்தான் திறப்பன். சனிக்கிழமை எல்லோ. இப்ப ராகு காலம்."

தேன்மொழி சாவியைப் பார்த்தாள். அரிசிப் பானை வாங்குவதற்குக்கூட நாள்காட்டி பார்க்கிறவள். போனில் ஒன்பது மணி என்று நேரம் கேட்டவள் அவள்தான். நேரம் குறிக்கும்போது மாத்திரையைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள், கிழமையைப் பார்க்கவில்லை. மணி ஒன்பதாகியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறோம், எங்களுக்கு வீடு பிடித்துவிட்டது, இப்போதே பேசி முடித்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். கிருஷ்ணகுமாரி முடியாது என்று தலையசைத்தார். குடிவருகிறவர்கள் முதல் தடவை கால் வைப்பது ஒருமுறைதான், அதை ராகு காலத்தில் வைப்பார்களா என்று கேட்டார். போன குடித்தனக்காரர்கள் அப்படித்தான் கேளாமல் வந்தார்கள், அவர்கள் இருந்த இருப்பைச் சொன்னால் நம்பமாட்டீர் என்றார். பத்தரைக்கு விளக்கேற்றி வைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து வலது காலை வைத்து வர வேண்டும்.

ரூபேந்திரன் மனதுக்குள் கணக்குப் போட்டான். பத்தரைக்குக் கால் போய்விடும். இன்னொரு மாத்திரையை இவ்வளவு சீக்கிரம் போட்டால் உடம்பு தானாக நெளியத் தொடங்கும். அது இன்னும் மோசம். அந்த டப்பாவும் தேன்மொழியின் கைப்பையில் இருந்தது. கிருஷ்ணகுமாரி அவள் தோளோடு ஒட்டி நின்று, தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவன் சைக்கிளைக் கம்பியிலிருந்து இறக்கினான். ஒரு சுற்றுப் போய் வருகிறேன் என்றான். பத்து மணிக்குள் வந்துவிடுங்கள் என்றாள் தேன்மொழி. வேறு எதையும் அங்கே வைத்துச் சொல்ல முடியாது.

"பார்த்தீரோ," என்றார் கிருஷ்ணகுமாரி அவளிடம். "இந்தக் காலத்தில ஆர் இப்பிடி? என்ர மகன் பக்கத்துக் கடைக்கும் கார் எடுக்கிறான்."

காங்கிரீட் பலகையைத் தாண்டியதும் சத்தம் மாறியது. டயருக்குக் கீழே மண் நொறுங்கியது. பாதை பனை வரிசைகளுக்கு நடுவே இறங்கி, ஓர் ஓடையைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது. அவன் எழுந்து நின்று மிதித்தான். தொடை எரிந்தது. மூச்சு வாங்கியது. மூன்று மாதமாக அவனுக்குக் கிடைக்காத சோர்வு. வெட்டிய மட்டைகளை வரிசை ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். முள்ளைத் தவிர்த்துத் திருப்பினான். கை திருப்பியது. மேட்டின் உச்சியில் மரங்கள் விலகி, தூரத்தில் புலாய் மலை நீலமாகத் தெரிந்தது. அவன் நிற்கவில்லை. சரிவில் பிரேக்கை விட்டான். காற்றில் கண்ணில் நீர் வந்தது. இங்கே இருக்கலாம் என்று நினைத்தான். தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பொத்தானை அவனே போடுவான். இந்த வீடு மட்டும் கிடைக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். யாரிடம் கேட்கிறான் என்று தெரியாமலே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

சரிவின் அடியில் மாடுகள் நின்றன. தோட்டத்தில் மேய விட்டவை. பாதையை அடைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு. அவன் பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினான்.

மாடுகள் தம் போக்கில் நகர்ந்தன. பாதை திறந்தது. அவன் வலது காலால் பெடலை அழுத்தினான். இடது கால் தரையை விடவில்லை. மறுபடி அழுத்தினான். சைக்கிள் சாய்ந்தது. அவனும் சாய்ந்தான். மெதுவாக, ஒரு மூட்டையைப் போல, ஈர மண்ணில் பக்கவாட்டில் விழுந்தான். கைப்பிடி விலாவில் குத்தியது. எழுந்திரு என்றான். எதுவும் எழவில்லை. மாத்திரை இவ்வளவு சீக்கிரம் இறங்கக் கூடாது. மேட்டில் மிதித்தது அதைத் தின்றிருக்கும். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. ஒரு கன்று வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனது. எங்கோ மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவன் கூப்பிட்டான். அவன் குரலும் இப்போதெல்லாம் சன்னமாகத்தான் வருகிறது. சத்தம் தூரமாகப் போய் நின்றது. கைப்பேசி காரில் இருந்தது. செம்பனை வரிசைகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. இங்கே படுத்திருக்கும் ஒருவனை அடுத்த வரிசையிலிருந்து பார்க்க முடியாது என்பதை அவன் கவனித்தான். கவனித்ததைத் தள்ளி வைத்தான்.

வெகுநேரம் கழித்துத்தான் உடம்பு கொஞ்சம் அசைந்தது. முழங்காலில் ஊர்ந்தான். பனையின் அடிமரத்தைப் பிடித்து நிமிர்ந்தான். சைக்கிளை மரத்தில் சாய்த்து ஏறி, இடது காலைக் கையால் தூக்கிப் பெடலில் வைத்தான். பாதை ஓரம் கொஞ்சம் சரிவாக இருந்தது. உடம்பை முன்னால் சாய்த்துச் சைக்கிளை உருள விட்டான். உருண்டதும் கால்கள் நினைவு வந்தவை போலச் சுற்றத் தொடங்கின.

அவன் திரும்பியபோது விளக்கு ஏற்றியிருந்தது. தேன்மொழி பின்கேட்டில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவன் சட்டையில் இருந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

"விழுந்தீங்களா?"

"இல்ல. சேறு தெறிச்சிச்சி. டிராக் சூப்பரா இருக்கு, தேனு."

அவள் அவனுடைய கன்னத்திலிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தாள். கைப்பையைத் திறக்கப் போனாள். அதற்குள் கிருஷ்ணகுமாரி வீட்டின் பக்கவாட்டில் வந்து, நேரமாகிவிட்டது, வாருங்கள் என்று கூப்பிட்டார். அவள் பையை மூடினாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டே அவன் முன்பக்கம் வந்தான். காலணியைக் கழற்றும் சாக்கில் தூணில் சாய்ந்துகொண்டான். கதவு விரியத் திறந்திருந்தது. நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும் புதிதாக இட்டிருந்தது. உள்ளே வெறும் கூடம், துடைத்த தரை, நடுவில் ஒரு சிறிய பித்தளை விளக்கு. கிருஷ்ணகுமாரி உள்ளே நின்று கைகூப்பியபடி காத்திருந்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. தேன்மொழி வலது காலை வைத்து உள்ளே போனாள்.

ரூபேந்திரன் நிலைப்படியைப் பார்த்தான். நாலு விரல் உயரம்.

"வலது கால், தம்பி."

"வரேன், ஆன்ட்டி."

வலது காலுக்குச் சொன்னான். முழங்கால் உதறத் தொடங்கியது. பாதம் அசையவில்லை. நிலையை ஒரு கையால் பிடித்தான். அந்தக் கையும் நடுங்கியது. சைக்கிள் ஓட்டியதில் கால் பிடித்துக்கொண்டது போல என்றாள் தேன்மொழி. குரல் இயல்பாகவே இருந்தது. மெல்ல வரட்டும் என்றார் கிருஷ்ணகுமாரி. இருவரும் காத்திருந்தார்கள். விளக்கின் சுடர் நிமிர்ந்து நின்றது. கிருஷ்ணகுமாரியின் கூப்பிய கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

தேன்மொழி திரும்பி வந்தாள். நிலைப்படிக்கு உள்ளேயிருந்து வெளியே கால் நீட்டி, தன் பாதத்தை அவன் விரல்களுக்கு முன்னால் குறுக்காக வைத்தாள். மாசாய் வீட்டில் தினமும் காலையில் குளியலறை வாசலில் இப்படித்தான் வைப்பாள். தாண்டுவதற்கு ஒன்று இருந்தால் கால் எழும். அது ஏன் என்பதும் யாருக்கும் தெரியாது. முதல் நாள் அவளைத் தாண்டிய பிறகு அவன் குனிந்து அவள் காலைத் தொடப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள். இதுவரை வேறு யார் முன்னாலும் அவள் இதைச் செய்ததில்லை. அவன் அவள் பாதத்தைப் பார்த்தான். நகப்பூச்சு பாதி போயிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

அவன் கால் எழுந்தது. அவள் பாதத்தையும் நிலைப்படியையும் சேர்த்துத் தாண்டி உள்ளே விழுந்தது. இடது கால்.

கிருஷ்ணகுமாரி அந்தக் காலைப் பார்த்தார். அவன் சட்டையின் பக்கவாட்டில் இருந்த மண்ணைப் பார்த்தார். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே படிவாக, படுத்து எழுந்தவனின் மண். பின்ஜன்னலுக்கு வெளியே தோட்டம் வெயிலில் அசையாமல் நின்றது. அவர் தேன்மொழியின் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, நீர் வேலைக்குப் போனாப் பிறகு, இவர் அங்க தோட்டத்துக்குள்ள எங்கயாவது இப்பிடி நிண்டுட்டா, ஆருக்குத் தெரியும்?"