பாசி பிடிக்காத இடம்

எனக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். மீன்தொட்டிக்குள் கல்லும் செடியும் வைத்து மலை, குகை, பள்ளத்தாக்கு என்று அழகு பண்ணிக் கொடுப்பது என் தொழில். ஓட்டல் வரவேற்பறை, பல் டாக்டரின் கிளினிக் என்று பல இடங்களில் என் கைவேலை நிற்கிறது. அக்கா தையல்காரி. "கல்லை அடுக்கி வச்சுட்டு வர்றதெல்லாம் ஒரு பொழப்பா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் போனில், "கொஞ்சம் வந்துட்டுப் போடி" என்று தணிந்து பேசினால் நான் போகாமல் என்ன செய்வேன்?

போனால், விஷயம் மாப்பிள்ளை. அவள் வளர்க்கிற மீனுக்கு அதுதான் பெயர். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தீனி தாமதமானால் மூலைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த முறுக்குக்காகத்தான் இந்தப் பெயர். தொட்டி தையல் மெஷினை ஒட்டியே இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணில் முன்பே வெள்ளை படர்ந்துவிட்டது. இப்போது மணலைத் தோண்டும்போது மேல்கல் சரிந்து விழுந்து இன்னொரு கண்ணும் போய்விட்டதாம்.

"இனிமே கல்லு விழக் கூடாது. எல்லாத்தையும் ஒட்டிக் குடு" என்றாள் அக்கா. "ஆனா இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும். அவன் இதைத் தடவித்தான் வழி கண்டுபிடிக்கிறான்."

நான் தொட்டியைப் பார்த்தேன். இடித்துப் போட்ட சுவர் மாதிரி ஒரு குவியல்.

"இதையா? இந்த அலங்கோலத்தையா ஒட்டச் சொல்ற?"

"ஆமா. உன் சாமர்த்தியத்தை எல்லாம் வெளியில வச்சுக்கோ."

சொல்லிவிட்டு, தைத்த துணியைக் கொடுத்து வரக் கிளம்பினாள். நான் மீனை அதே தண்ணீரோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் விட்டேன். குவியலை முன்பக்கமிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முற்றத்தில் பரப்பினேன். ஒட்டுகிற வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்லும் கல்லும் தொடுகிற இடத்தில் கெட்டியான சூப்பர் குளூ. சந்தில் கொஞ்சம் பஞ்சை அடைத்து, அதன் மேல் நீர்த்த குளூவைச் சொட்டினால் பஞ்சு சூடாகிப் புகைவிட்டுக் கல்லாக இறுகிவிடும். மேலே கல் பொடியைத் தூவினால் ஒட்டிய தடமே தெரியாது.

ஆனால் என் கை சும்மா இருக்குமா? நல்ல நல்ல கற்கள். அவற்றை மறுபடி குப்பையாகக் குவிக்க மனம் வரவில்லை. ஒரு வளைவு கட்டினேன். மீன் உள்ளே நுழைந்து வெளியே வர அகலமான வாசல், கையால் பிடித்து ஆட்டினாலும் அசையாத கட்டு. கண்ணில்லாத மீனுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா வந்து பார்த்தாள். மீனை உள்ளே விட்டோம். மாப்பிள்ளை வழக்கம்போல விரைந்து போய் வளைவில் மோதிற்று. திரும்பிற்று, மறுபடி மோதிற்று. மூக்கில் தோல் உரிந்து வெளுத்தது. பிறகு கண்ணாடி மூலைக்குப் போய் அசையாமல் நின்றுவிட்டது.

"பழகிடும்" என்றேன்.

"ம்" என்றாள்.

திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். அந்த 'ம்' என்னைத் தூங்கவிடவில்லை. மாப்பிள்ளை பழகவில்லை. தீனியைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து நானே போனேன். அக்கா மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வீட்டுல எல்லாருக்கும் கண்ணு இருக்கு" என்றாள். "நான் இருக்கேனா செத்தேனான்னு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. அவன் கண்ணு போன பிறகும் நான் வந்து உட்கார்ந்தா இந்தப் பக்கம் வருவான்டி. இப்ப வரமாட்டேங்கிறான்."

எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். மறுபேச்சில்லாமல் வளைவைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனேன். சூப்பர் குளூ இழுத்தால் விடாது. பக்கவாட்டில் உளியை வைத்துச் சுருக்கென்று தட்டினால் விட்டுவிடும். கற்கள் தனித்தனியாக வந்தன. போட்டோவைப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. மாப்பிள்ளை புழங்கிய பின்பக்கம் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கல்லைக் கையில் வைத்துத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. கல் முழுக்கப் பச்சைப் பாசி. அங்கங்கே மட்டும் வெளுத்த திட்டு. இன்னொரு கல் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் வெளிச்சம் படாது, பாசி பிடிக்காது.

"அக்கா, இங்க வாயேன். இந்த வெள்ளைத் திட்டு எந்தக் கல்லோடதுன்னு பாரு."

ரவிக்கையின் கழுத்துத் துண்டையும் கைத் துண்டையும் பொருத்துகிற விரல்கள் அவை. அவள் திட்டுக்குத் திட்டு வைத்துக் காட்டக் காட்ட, நான் ஒட்டிக்கொண்டே வந்தேன். பழைய அலங்கோலம் அப்படியே எழுந்தது. கடைசிக் கல்லில் மட்டும் ஒரு திட்டு மிஞ்சிற்று. நீளமான, வழுவழுப்பான திட்டு. எந்தக் கல்லும் அதில் பொருந்தவில்லை.

"ஒரு கல்லு குறையுது போல" என்றேன். "தொட்டியில எங்காவது கிடக்கான்னு பார்க்கிறேன்."

அக்கா அந்தத் திட்டின் மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் தடவினாள்.

"குறையலடி" என்றாள். "இது அவன் சாயுற இடம். ஒராசி ஒராசித் தேஞ்சிருக்கு."

குளூ நன்றாகக் காய்ந்த பிறகு கல்லைக் கழுவி, குவியலை உள்ளே இறக்கினோம். மாப்பிள்ளை மூலையிலேயே நின்றது. வெகுநேரம் கழித்து வாயால் ஒரு கல்லைத் தொட்டது, அடுத்ததைத் தொட்டது. பிறகு தயங்காமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அந்த வெளுத்த இடத்தில் தன் விலாவைச் சாய்த்துக்கொண்டது.

அக்கா தீனியை விரலில் வைத்துத் தண்ணீருக்குள் விட்டாள். மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டது.