பக்கத்து மெஷின்

சட்டை தைக்கும் கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வேலைக்கு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒன்று, வேலையில் கள்ளம் பண்ணுவார்கள்; இல்லாவிட்டால் மேலிடத்தில் கோள் மூட்டுவார்கள். நான் கண்டது அப்படி.

காலர் வரிசைக்குப் புதிதாக வந்த பெண்ணை எல்லோரும் ‘ஸ்தோத்திரம்’ என்றே கூப்பிட்டார்கள். ஊசி உடைந்தாலும் ஸ்தோத்திரம், உடையாவிட்டாலும் ஸ்தோத்திரம். உட்காருமுன் மெஷின் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள்.

“அதுக்கு ஜெபத்தை விட எண்ணெய்தாம்மா முக்கியம்” என்றேன்.

“எண்ணெய நீங்க விடுங்கண்ணே. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

வாய்க்கும் குறைவில்லை. என்றைக்குக் கோள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்தவர் சிந்திய நூல் பிசிறையும் அவளே கூட்டினாள். அவள் தைத்த காலர் முனை கிளி மூக்கு மாதிரி நிற்கும். வேகமோ, கண் பட்டுவிடும்.

பக்கத்து மெஷினில் பெரியக்கா. அந்த வரிசைக்கே மூத்தவள். வலது தோள் இறுகிப்போய்க் கையைக் காது வரைக்கும் தூக்க முடியாது. படுக்கையில் கிடக்கும் தங்கச்சியை வைத்துக் காப்பாற்றுகிறவள். இந்த வேலை போனால் இரண்டு வயிறு காயும்.

ஒருநாள் சூப்பர்வைசர் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு வரிசைக் கோடியில் தலைகாட்டினான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: வாட்ச் வந்தால் கை நொண்ட வேண்டும். ஏனென்றால் அவன் அளந்துகொண்டு போகிற வேகம்தான் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் டார்கெட்.

அவன் வந்து சேருமுன் பெரியக்கா சாய்ந்து கிசுகிசுத்தாள். “ஏய், மெதுவா தைடி.”

“ஏன்க்கா? நான் மனுஷனுக்காகவா தைக்கிறேன்? மேல இருக்கிறவர் பாக்கிறார்ல?”

“மேல இருக்கிறவர் கையில வாட்ச் இல்லடி. இவன் கையில இருக்கு.”

ஸ்தோத்திரம் சிரித்துக்கொண்டே குனிந்தாள். வேண்டுமென்றே மெதுவாகத் தைப்பது அவளுக்குத் திருட்டு. அன்று தைத்ததுபோல் அவள் என்றும் தைத்ததில்லை. சூப்பர்வைசர் சிரித்ததில் கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

மறுநாள் பலகையில் புது டார்கெட் ஏறியது. சின்னப் பெண்கள் டீக்கு எழுந்திருக்காமல், ஒன்றுக்குப் போகாமல் எப்படியோ எட்டிப் பிடித்தார்கள். பெரியக்காவால் முடியவில்லை. மாதக் கடைசிக்குள் எட்டாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் ஸ்தோத்திரத்துக்கு உறைத்தது. தான் தைத்த காலர்களில் கொஞ்சம் அள்ளிப் பெரியக்கா கூடையில் போட்டாள். பெரியக்கா அதைத் தூக்கி இவள் மடியிலேயே எறிந்தாள்.

“வெட்டினதும் நீ, கட்டுப் போட வர்றதும் நீயா? உன் புண்ணியம் எனக்கு வேணாம்.”

மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கீழே உட்கார்ந்திருந்தேன். ஸ்தோத்திரம் என் பக்கம் குனிந்தாள். கண் நிறைந்திருந்தது.

“மேலேயே பாத்துட்டு இருந்துட்டேன்ணே. பக்கத்துல பாக்கல.”

நான் மெஷினை மூடி ஸ்க்ரூவை முடுக்கினேன்.

அவள் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். “அன்னிக்கு நான் தைச்சது எல்லாராலும் ஆகாது சார். இன்னொரு தடவ அளந்து பாருங்க.”

“முடியும்னு நீதானம்மா காட்டின? சரி, உக்காரு.”

வாட்ச்சை அழுத்தினான். இந்தத் தடவை அவள் மெஷின் தலையில் கை வைக்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை. பெடலை மிதிப்பதும் விடுவதுமாக, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் தைத்தாள். நடுவில் அவளை அறியாமலே கை பிய்த்துக்கொண்டு ஓடியது. திடுக்கிட்டுப் பிடித்து இழுத்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. பொய் சொல்லிப் பழகாதவள் பொய் சொன்னால் இப்படித்தான்.

சூப்பர்வைசர் கோணல் காலரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். “சாமி கும்பிடுற பிள்ளைக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கும்மா? நடிக்கவும் வரலையே உனக்கு!”

டார்கெட் இறங்கவில்லை. பெரியக்கா போனாள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்ததும் ஸ்தோத்திரம் என் வீட்டு வாசலில் நின்றாள். “பெரியக்கா வீட்டுக்குத் தனியா போக முகமில்லண்ணே. கூட வாங்க.” போனேன்.

பெரியக்கா கதவைப் பாதி திறந்தாள். உள்ளே தங்கச்சி இருமிக்கொண்டிருந்தாள்.

“ஜெபம் கிபம்னு ஆரம்பிக்காத.”

“இல்லக்கா.”

“மன்னிப்புக் கேக்கவும் வேணாம். இப்ப அத வச்சு நான் என்ன பண்ண?”

ஸ்தோத்திரம் வாசலை விட்டு நகரவில்லை. பிறகு பெரியக்கா முற்றத்துப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“கொடியில துணி காஞ்சு கெடக்கு. என் கை எட்டல. எடுத்துக் குடுத்துட்டுப் போ.”

ஸ்தோத்திரம் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தாள். அவசரமே படவில்லை. மடித்ததைப் பெரியக்கா இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்கும் வரவா அக்கா?”

“வேணாம்” என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா கதவைச் சாத்தினாள்.