இருபது மட்டை தூரம்

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பத்தாம் நாள், எங்கள் அடுக்குமாடியின் பதினோராவது மாடி நடைபாதையில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டேன். இரண்டுக்கும் நடுவே இருபது மீட்டர் இருக்க வேண்டும். அளவு நாடா வாங்கலாம் என்றால் கடை திறந்தால்தானே. டேப் இல்லாதவர்கள் ஸ்டிக்கால் அளந்துகொள்ளுங்கள், இதற்கெல்லாம் என்னைக் கேட்காதீர்கள் என்று எங்கள் ஹாக்கி அணிப் பயிற்சியாளர் ஸஹாரா, கைப்பேசிக் குழுவில் குரல் அனுப்பியிருந்தார். திடலிலும் நாங்கள் அப்படித்தான். எதிராளி ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டுமானால் ஐந்து மட்டை என்போம். ஆகவே ஹாக்கி மட்டையை இருபது முறை தரையில் படுக்கவைத்து, இருபது மீட்டர் ஆயிற்று என்று எழுந்தேன்.

கைப்பேசி 'பீப்' என்றதும் ஓடி மறுகோட்டைத் தொட்டு, அடுத்த பீப்புக்குள் திரும்ப வேண்டும். போகப் போகப் பீப்புகள் நெருங்கும்; நெருங்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலை. இரண்டு முறை தவறினால் சோதனை முடிந்தது. எதிர்வீட்டு ஆ லான் ஆண்டி கதவு இடுக்கில் பார்த்துவிட்டு, பேய் துரத்துகிறதா என்று என் அம்மாவிடம் விசாரித்தார். நான் ஓடுவதை வாரம் ஒரு முறை படம் பிடித்துக் குழுவில் அனுப்பினேன். ஆசியப் போட்டிக்கான பதினெட்டுப் பேரை இதை வைத்துத்தான் எடுப்பேன் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

நடுக்களத்தில் ஓர் இடம்தான் காலி. அதற்கு நாங்கள் இரண்டு பேர், நானும் சுஹைலாவும். அவள் கிளந்தான் மாநிலத்துக்காரி, தச்சர் மகள். புக்கிட் ஜாலில் தேசிய ஹாக்கி முகாமில் நான்கு வருடமாக என் அறைத்தோழி. என் அம்மா கொடுத்தனுப்பும் சாம்பார்ப் பொடியை மெகி மீ நூடுல்ஸில் தூவித் தின்று என்னைக் கடுப்பேற்றுபவள். முகாமில் ஓட்டம் என்றால் அவள் எப்போதும் எனக்கு ஒரு படி மேல். எனக்கு இருபத்தேழு வயது. இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று எனக்கு யாரும் சொல்லப் போவதில்லை.

ஆனால் ஊரடங்கில் எல்லாம் தலைகீழானது. நான் பதினெட்டாம் நிலையைத் தாண்டினேன். அணியில் பாதிப் பேர் தாண்டினார்கள். சுஹைலா மட்டும் பதினேழுக்கு மேல் ஏறவே இல்லை. என் பெயரோடு பட்டியலை அறிவித்த அன்று காணொளிக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் பயிற்சியாளர் சொன்னார்:

"சில பேருக்கு கம்பத்துக்குப் போனதும் வாயும் வயிறும்தான் வேலை செய்யுது. காலு தூங்குது."

பெயர் சொல்லவில்லை. கிளந்தான் கிராமத்து வீட்டில் இருந்தவள் யாரென்று சொல்லத் தேவையும் இல்லை. திரையில் சுஹைலா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த வாரம் எங்கள் மாடியில் ஒருவருக்குத் தொற்று. மாடி முழுவதற்கும் மூக்கில் குச்சி விட வந்தார்கள். வரிசையில் இடைவெளி விட்டு நிற்பதற்காகக் குடியிருப்புச் சங்கத்தார் இரும்பு நாடா பிடித்து, மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். முதல் பட்டை சரியாக என் சுண்ணக்கோட்டின் மேல் விழுந்திருந்தது. வரிசை நகரவில்லை. பொழுது போகாமல் எண்ணினேன். என் மறுகோடு பதினெட்டு மீட்டரைத் தாண்டி, பத்தொன்பதுக்கு முன்னால், நட்டநடுவில் கிடந்தது.

திரும்பவும் எண்ணினேன். பின்னால் நின்ற ஆ லான் ஆண்டி, முன்னால் போம்மா என்று முறைத்தார். குச்சி விட்டு முடித்ததும் வீட்டுக்குள் ஓடி மட்டையைக் கொண்டுவந்து, இரண்டு பட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். நான்கு விரல் குறைந்தது. பதினைந்து வருடமாகக் கையில் பிடித்திருக்கும் மட்டை ஒரு மீட்டர் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று மூன்று நாள் சும்மா இருந்தேன். கதவைத் திறந்தால் அந்தச் சிவப்புப் பட்டைகள்தான் கண்ணில் பட்டன. நான்காம் நாள் சுஹைலாவை அழைத்தேன்.

"நீ எதால அளந்த?"

"அப்பாவோட இரும்பு டேப்ல. ஏன்?"

"ஸ்டிக்கு ஒரு மீட்டர் இல்லடி."

"தெரியும்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"உன் மொத வீடியோலேருந்து. நீ பதினோரு எட்டுல திரும்புன. எனக்கு பன்னெண்டு. ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே."

"அன்னைக்கு கோச் அவ்ளோ பேசுனாங்களே, அப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"தோத்தவ சொன்னா யாரு கேப்பா? ஆடத் தெரியாதவ தரை கோணல்னு சொன்ன கதைதான்." காலடிக்கு வந்த கோழியை அவள் 'சூ' என்று விரட்டுவது கேட்டது. "உன்கிட்டயாவது கேக்கலாம்னு நெனச்சேன் மதி. தெரிஞ்சேதான் செஞ்சேன்னு நீ சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்து கேக்கல."

என் மேல் அவளுக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அதைத் தப்பென்று சொல்லவும் முடியவில்லை.

அன்றைக்கே மட்டையையும் சிவப்புப் பட்டைகளையும் சேர்த்துப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். என் ஓட்டம் எதுவும் செல்லாது, மட்டையால் அளந்த யாருடையதும் செல்லாது, இருபது மீட்டர் ஓடியவள் சுஹைலா ஒருத்திதான் என்று எழுதினேன். நாள் முழுக்கப் பதில் இல்லை. பட்டியலில் கடைசிப் பெயராக இருந்த யோகேஸ்வரி மட்டும், அரிச்சந்திரன் பேத்திக்கு இப்போது திருப்தியா என்று தனியாகக் கேட்டாள். மறுநாள் பயிற்சியாளரின் குரல் வந்தது. அளவு தப்பு தன்னுடையது, பட்டியல் ரத்து, முகாம் திறந்ததும் எல்லோரும் மறுபடி ஓட வேண்டும் என்றார். கடைசியில் சுஹைலாவின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

ஜூலையில் முகாம் திறந்தது. நீலச் செயற்கைப்புல் திடலில் பயிற்சியாளரே மண்டியிட்டு நாடா பிடித்தார். யாரும் சிரிக்கவில்லை. என்னால் முடிந்த மட்டும் ஓடினேன். பதினாறாம் நிலையில் இரண்டாம் முறையாகப் பீப்பைத் தவறவிட்டு, ஓரத்தில் போய் விழுந்தேன். பட்டியல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. என் இடம் போய்விட்டது.

ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். கடைசியில் சுஹைலா மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். பொறாமை இல்லை என்றால் பொய். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பீப் அடித்ததும் அவள் அடிகளை எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு. கோட்டைத் தொட்டுத் திரும்பினாள். மறுபடியும் பன்னிரண்டு.

மூன்றாவது முறை வாய்விட்டே எண்ணினேன், அவளுக்குக் கேட்கும்படி.